பிணம் வைக்க ஒரு வீடு

"எந்த அட்ரஸும்மா?"

வண்டியின் பின்கதவை முதுகால் தாங்கிப் பிடித்தபடி டிரைவர் கேட்டார். உள்ளே எஃகுப் படுக்கையில், வெள்ளைத் துணி மூடிக் கிடந்தார் சின்னவளின் கணவர். லிஃப்ட் மெக்கானிக். காலையில் ரயிலில் நகரத்துக்கு வந்தவரைப் பகலில் இந்த வண்டியில் ஏற்றியிருந்தார்கள்.

சின்னவள் வாயைத் திறப்பதற்குள் பெரியவர் முந்திக்கொண்டார். "கடைசி ஸ்டேஷனுக்கும் அந்தப் பக்கம்ப்பா. பாலம் தாண்டி நேரா போயிட்டே இரு. அப்புறம் நான் வழி சொல்றேன்."

"அவ்வளவு தூரமா சார்? ஸ்கூல் விடற நேரம். பாலத்துல மாட்டினா மாட்டினதுதான்."

"என்னப்பா பண்றது, சொந்த வீடு அங்கதானே இருக்கு."

தன் கையால் செங்கல் அடுக்கிக் கட்டியவர் மாதிரி சொன்னார். பெரியவர் இறந்தவரின் அண்ணன். அவர் பெரியவர் என்பதால் தம்பி பெண்டாட்டி சின்னவள் ஆனாள். கல்யாணமாகி வந்த அன்று ஒட்டிய பெயர், தலை நரைத்த பிறகும் உரியவில்லை.

பெரியவர் டிரைவருக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டார். பின்னால் ஒரு பக்கப் பலகையில் சின்னவள், எதிர்ப்பலகையில் மகள், நடுவில் அவர். கதவு சாத்தியதும் மருந்து வாசனை அடைத்துக்கொண்டது. துணிக்கு வெளியே அவருடைய வலது கை நழுவி வந்திருந்தது. நகக்கண்ணில் கிரீஸ். எந்த சோப்புக்கும் போகாத கிரீஸ். சின்னவள் அந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நாளெல்லாம் ஊரார் கையில் நரம்பு தேடுகிறவள் அவள். கட்டைவிரல் பழக்கத்தில் நரம்பைத் தேடப் போயிற்று. விரலை மடக்கிக்கொண்டாள்.

விடியற்காலையில் அவர் எழுந்து கட்டிலில் உட்கார்ந்து நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தார்.

"என்னங்க பண்ணுது?"

"வாய்வு மாதிரி இருக்கு. அழுத்துது."

"யார்கிட்டயாவது காட்டலாம், எந்திரிங்க."

"இங்க யார்கிட்ட காட்டறது? இருக்கறது ஒரு பல் டாக்டரு. நெஞ்சு வலிக்குதுன்னா பல்லைப் புடுங்கி உடுவாரு." அந்த நேரத்திலும் சிரித்தார். "எப்படியும் அங்கதானே போறேன். எறங்கினதும் ஆஸ்பத்திரில காட்டிட்டு வேலைக்குப் போயிடறேன்."

எப்படியும் அங்கதானே போறோம். ஐந்து வருஷமாக அந்த வீட்டின் தாரக மந்திரம் அது. முடி வெட்டுவது, கடிகாரத்துக்கு பேட்டரி மாற்றுவது, செருப்புக்கு வார் தைப்பது எல்லாம் அங்கேதான். மிக்ஸி ரிப்பேரானால் அதைத் துணிப்பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் போவார். "குழந்தைக்கு ஜன்னல் சீட்டு வேணுமாம்" என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வாராம். அப்படித்தான் நெஞ்சு வலியையும் எடுத்துக்கொண்டு வழக்கமான வண்டியில் ஏறினார். அவளும் அதே வண்டிதான். அவள் முன்னால் பெண்கள் பெட்டியில். அவர் பின்னால் தன் ஜன்னலில்.

அந்தப் பெட்டியில் அவருக்குப் பெயரே ஜன்னல். சாய்ந்தால் தூங்கிவிடுவார். இறங்க வேண்டிய ஸ்டேஷனுக்கு முந்தின ஸ்டேஷன் வந்ததும் பக்கத்தில் யார் இருந்தாலும் தட்டி எழுப்ப வேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்ற, அதே பெட்டியில் வரும் வங்கிக் காவலாளி அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "இன்னிக்கு வேர்வை நெறைய இருந்துச்சும்மா. கூட்டம்தானே, வெக்கையில தூங்கறாருன்னு விட்டுட்டோம். பாவம், நல்லா தூங்கட்டும்னு. முந்தின ஸ்டேஷன்ல தட்டினேன். எழுந்திருக்கல."

அவரைப் பெட்டியிலிருந்து தூக்கி இறக்கிய நேரத்தில் அவள் முன்னால் இறங்கி, மற்ற நாள் போலவே திரும்பிப் பார்க்காமல், பரிசோதனைக் கூடத்துக்கு ஓட்டமும் நடையுமாகப் போய்க்கொண்டிருந்தாள்.

வண்டி ஊர்ந்தது. முன்னாலிருந்து பெரியவரின் குரல், நடுவிலிருந்த சிறிய கண்ணாடித் தடுப்பைத் தாண்டி வந்தது. போனில் பேசிக்கொண்டிருந்தார்.

அந்தக் குரலைத்தான் மனை வாங்கச் சொன்ன அன்றைக்கும் கேட்டாள். நகரத்துக்குள்ளே, இரண்டாவது மாடி வாடகை வீட்டில், சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் வழவழப்பான விளம்பரத் தாளை விரித்துவைத்துக்கொண்டு பெரியவர் பேசினார்.

"நாப்பதே நிமிஷம்டா. போட்டிருக்கான் பாரு."

"யாருக்கு அத்தான்? காக்காவுக்கா?" என்றாள் சின்னவள்.

"நீ சும்மா இரும்மா. டேய், சுத்தமான காத்து. சொந்த மண்ணு. நானும் பக்கத்து மனையை வாங்கிப் போடறேன்."

"நீங்களும் அங்க குடிவர்றீங்களா?"

"பிற்பாடு பாக்கலாம். இப்ப எனக்கு ஆபீஸ் இங்க கூப்பிடு தூரத்துல இருக்கே."

"இவருக்கும் ஆபீஸ் இங்கதான். எனக்கு வேலை இங்க. பொண்ணுக்குப் பள்ளிக்கூடம் அடுத்த தெரு. லிஃப்டே இல்லாத ஊர்ல போயி லிஃப்ட் மெக்கானிக் என்ன பண்ணுவார் அத்தான்? தென்னை மரத்துல ஏத்தி எறக்குவாரா?"

அவள் கணவர் சிரித்தார். பெரியவர் சிரிக்கவில்லை. தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு, குரலைத் தாழ்த்திக் கடைசி அஸ்திரத்தை எடுத்தார்.

"வாடகை வீட்டுல இருக்கே. நாளைக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா ஹவுஸ் ஓனர் பொணத்தை உள்ள விடுவானாடா? தெருவுல வைப்பியா? பொணம் வைக்க ஒரு சொந்த வீடு வேணாமா?"

அதற்குப் பிறகு அவள் கணவரும் சிரிக்கவில்லை. தம்பிக்கு அண்ணன் சொல் வேதம். பிணம் வைப்பதற்கு முன்னால் மனிதர் அங்கே உயிரோடு இருக்க வேண்டாமா என்று கேட்பார் இல்லை. பெரியவர் வாங்கிய மனையில் இன்றுவரை முள்ளுச்செடிதான் குடியிருக்கிறது. விலை ஏறட்டும் என்று காத்திருக்கிறார். அவர் நகரத்தில் அதே வீட்டில் இருக்கிறார். மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு நடந்து வந்து, குட்டித் தூக்கம் போட்டுவிட்டுத் திரும்பிப் போகிறார்.

"நான் அந்த வீட்டுக்கு விருந்தாளிடி" என்பார் அவள் கணவர். "ராத்திரி சோறு போட்டுப் படுக்க பாயும் குடுக்கறாங்க. விடிஞ்சதும், போயிட்டு வாங்கன்னு அனுப்பிடறாங்க." ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தூங்குவார். சாயங்காலம் எழுந்து வாசலில் நின்று, ஏதோ புது ஊருக்கு வந்தவர் மாதிரி தெருவை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பார்ப்பார்.

வண்டி பாலத்தின் ஏற்றத்தில் நின்றுவிட்டது. முன்னாலும் பின்னாலும் ஹாரன். பெரியவர் போனில் கத்தினார்.

"வாட்ச்மேனா? நான்தாம்ப்பா, நடுத்தெருவுல மனை வச்சிருக்கேனே. என் தம்பி தவறிட்டான். வீட்டு முன்னால ஒரு பந்தல், நாலு சேர்... எந்தத் தம்பியா? அடேய், பச்சை கேட்டு வீடு. லிஃப்ட் மெக்கானிக். கண்ணாடி போட்டவன் இல்லப்பா, அது வேற யாரோ. ஒல்லியா... ஆமா, அவனேதான். இருட்டுல போயி இருட்டுல வருவானே, அவன்தான்."

காலையிலிருந்து அழுகை வரும் வரும் என்று எல்லாரும் சின்னவளின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வந்தது அழுகை இல்லை.

மகள் குனிந்தபடியே பேசினாள். கல்லூரிப் பையை மடியிலிருந்து இறக்கவே இல்லை அவள்.

"அம்மா."

"என்னடி?"

"அப்பாவை ஏம்மா திரும்பவும் அங்க தூக்கிட்டுப் போறோம்? காலைலதானே அங்கேருந்து அவ்வளவு கஷ்டப்பட்டு வந்தாரு."

சின்னவள் கண்ணாடித் தடுப்பைத் தட்டினாள். விரல் கணுவால் இரண்டு தட்டு. பெரியவர் தடுப்பை நகர்த்தினார்.

"என்னம்மா, தண்ணி வேணுமா?"

"அங்க இவரை யாருக்குத் தெரியும் அத்தான்?"

"என்ன கேள்வி இது? சொந்த வீடும்மா."

"வீடு சொந்தம். ஆளு? வாட்ச்மேனுக்கே அடையாளம் சொல்லவேண்டியிருக்கு. இவர்கூட வேலை பாக்கறவங்க, ரயில்ல வர்றவங்க, என்கூட இருக்கறவங்க, இவ சிநேகிதிங்க, எல்லாரும் இங்கதான் இருக்காங்க. இவங்கள்லாம் வேலையை விட்டுட்டு அவ்வளவு தூரம் வந்து, முகத்தைப் பாத்துட்டு, எப்பத் திரும்புவாங்க?"

"வர்றவங்க வரட்டும், வராதவங்க போகட்டும். அதுக்காக நடுரோட்டுலயா வைக்க முடியும்?"

"உங்க வீடு இருக்கே."

பெரியவர் காதில் விழாதவர்போல் அவளைப் பார்த்தார்.

"ஆஸ்பத்திரிலேருந்து எட்டி நடந்தா உங்க வீடு" என்றாள். "ஒரு நாள். நாளைக்குக் காலைல எடுத்துடலாம். இவர் பொறந்ததுலேருந்து உங்க தம்பி."

டிரைவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது வந்தும்மா..." பெரியவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "படி குறுகல். எங்க மாமியார் வேற படுத்த படுக்கையா இருக்காங்க. பொணத்தைப் பாத்தா பயந்துக்குவாங்க. மேல்வீட்டுக்காரங்களும் ஒரு மாதிரி."

"ஓஹோ."

"தப்பா எடுத்துக்காதம்மா. சூழ்நிலை அப்படி."

"தப்பா எடுக்கல அத்தான். பொணம் வைக்க ஆகாத வீட்டுல இருந்துக்கிட்டு எங்களுக்கு வீடு பாத்துக் குடுத்தீங்களேன்னு நெனச்சேன்."

மகள் நிமிர்ந்து பார்த்தாள். சின்னவள் போனை எடுத்தாள். பழைய குடியிருப்பின் தரைத்தளத்தில் தையல் மிஷின் போட்டிருக்கும் அக்காவின் எண். காலி செய்து வந்த பிறகும் ரவிக்கை தைக்கக் கொடுப்பது அங்கேதான், எப்படியும் அங்கேதானே போகிறாள். எதிர்முனையில் மிஷின் ஓடும் சத்தம் கேட்டது. பிறகு நின்றது.

"அக்கா, நான்தான். இவரு போயிட்டாருக்கா."

"கேள்விப்பட்டேண்டி. லிஃப்ட் கம்பெனிப் பையன் வந்து சொன்னான். உங்க ஊருக்கு எப்படி வர்றதுன்னுதான் விசாரிச்சிட்டு இருக்கேன். எந்த பஸ்ஸு?"

"நீங்க வரவேணாம். நாங்க அங்க வந்தா வைக்க எடம் இருக்குமாக்கா? நாளைக்குக் காலைல வரைக்கும். வாடகை இருந்துட்டுப் போனவங்கதான் நாங்க, உரிமை ஒண்ணும் இல்ல. அசோசியேஷன் செகரட்டரி என்ன சொல்லுவாரோ."

"அவன் கெடக்கான். லிஃப்ட் நின்னப்பல்லாம் உரிமை பாத்தா உன் புருஷனைக் கூப்பிட்டான்? வீட்டைக் காலி பண்ணின அப்புறமும் கூப்பிட்டானே, வெக்கமில்லாம. கொண்டு வா. மிஷினை ஓரமாத் தள்ளிட்டு எடம் பண்றேன். எவன் கேக்கறான்னு பாக்கறேன்."

போனை அணைத்தாள். "டிரைவர் தம்பி, வண்டியைத் திருப்புங்க."

"நேரா போப்பா" என்றார் பெரியவர். "நான் மூத்தவன் சொல்றேன். அவ துக்கத்துல பேசறா. ஒரு குடும்பத்துல ஆம்பளை சொல்றதைத்தானே கேப்பே?"

டிரைவர் திரும்பிப் பார்த்தார். முதல் தடவையாகச் சின்னவளை முழுசாகப் பார்த்தார்.

"ஆஸ்பத்திரில கையெழுத்துப் போட்டு பாடியை வாங்கினது யாரு?"

"நான்தான்" என்றாள் சின்னவள்.

"அப்ப அவங்க சொல்ற எடம்தான் சார். எங்க வழக்கம் அது. மூத்தவங்க, எளையவங்கன்னு பாத்தா நாங்க நாளெல்லாம் தெருவைச் சுத்திக்கிட்டே இருக்க வேண்டியதுதான்." கியரை மாற்றினார். "பாலம் எறங்கினதும் திருப்பம் வரும். பொறுத்துக்குங்கம்மா."

"சொந்த வீடு இருக்க, வாடகைக்கு இருந்த எடத்துல கொண்டுபோய்ப் போட்டாங்கன்னு நாலு பேர் சிரிப்பாங்க" என்றார் பெரியவர்.

"சிரிக்கட்டும் அத்தான். சிரிக்கவாவது நாலு பேர் வரட்டும்."

தடுப்பைச் சாத்தினாள். மகள் எதிர்ப்பலகையிலிருந்து எழுந்து வந்து அவள் பக்கத்தில் ஒண்டிக்கொண்டாள். வண்டி பாலத்தை இறங்கித் திரும்பியது. நகரத்துக்குள் போகும் பக்கம் சாலை காலியாக இருந்தது.

தையல்கார அக்கா சொன்னபடி மிஷின் சுவரோரம் போயிருந்தது. ஆனால் அறை சிறியது. நாலு பேர் நிற்கக்கூட இடமில்லை. அதனால் வெளியே, லிஃப்டுக்கு முன்னாலிருந்த நடைக்கூடத்தில் பெஞ்சு போட்டிருந்தார்கள். செகரட்டரி அவசரமாக வந்தார். ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியர்.

"அம்மா, மனசு கஷ்டமா இருக்கு. ஆனா இது பொது எடம். அசோசியேஷன்ல கேக்காம..."

"கேளுங்க" என்றாள் தையல்கார அக்கா. "மேல போயி வீடு வீடாக் கேளுங்க. உங்க மருமக மாசமா இருந்தப்ப லிஃப்டுக்குள்ள மாட்டிக்கிட்டு அழுதாளே, அவகிட்ட முதல்ல கேளுங்க. கதவுக்கு வெளிய உக்காந்து, பயப்படாதம்மா பயப்படாதம்மான்னு கதை சொல்லிக்கிட்டே திறந்துவிட்டாரே, அவரை எங்க வைக்கலாம்னு."

செகரட்டரி மேலே போனார். வீடு வீடாகக் கேட்கவில்லை. தன் வீட்டிலிருந்து இரண்டு நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு படி வழியாக இறங்கி வந்தார். மூச்சு வாங்கியது.

அதற்குப் பிறகு ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். நடந்து வந்தார்கள். லிஃப்ட் கம்பெனிக்காரர்கள் வேலை உடுப்போடு, கையைக் கூடத் துடைக்காமல் வந்தார்கள். பரிசோதனைக் கூடத்திலிருந்து அவளோடு வேலை பார்க்கும் பெண்கள் இரண்டு இரண்டு பேராக, ஆள் மாற்றி ஆள் வந்தார்கள். மகளின் சிநேகிதிகள் அவளைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். முடிவெட்டுகிறவர் கடையைச் சாத்திவிட்டு வந்து, அவர் தலைமாட்டில் நின்று, கலைந்திருந்த கிராப்பை விரலால் ஒதுக்கிவிட்டார்.

"போன வாரம்தான் வந்தாரு" என்றார். "கொஞ்சம் குட்டையாவே வெட்டிடுங்க, அடுத்த மாசம் வர முடியுமோ என்னமோன்னாரு. வேலை ஜாஸ்தி போலன்னு நெனச்சேன்."



சாயங்காலம் ஜன்னலின் பெட்டிக்காரர்கள் வந்தார்கள். ஒருவரை ஒருவர் முன்னால் தள்ளிக்கொண்டு, தயங்கித் தயங்கி. வங்கிக் காவலாளி கடைசியில் நின்றார். ஒரு நர்ஸ், ஒரு அச்சகக்காரர், துணிக்கடையில் நிற்கும் ஒரு பையன்.

"இங்க வச்சது எங்களுக்கு ரொம்ப உபகாரம்மா" என்றார் அச்சகக்காரர். "உங்க வீட்டுக்கு எப்படிப் போறதுன்னே தெரியல. ஒரே ஊர்லதான் எறங்கறோம். எறங்கினதும் அவனவன் இருட்டுல தலைதெறிக்க ஓடறதுதான். யாரு வீடு எங்கன்னு யாருக்குத் தெரியும்."

சின்னவள் காவலாளியை ஏறிட்டுப் பார்த்தாள். "தூங்கட்டும்னு விட்டீங்களே, அதுல தப்பில்ல. அவருக்குத் தூக்கம் அங்கதான் கெடைச்சுது."

காவலாளி வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினார்.

கொஞ்ச நேரத்தில் அவர்கள் ஒவ்வொருவராகக் கைக்கடிகாரத்தைப் பார்க்காத மாதிரி பார்க்க ஆரம்பித்தார்கள். சாயங்கால வண்டியை விட்டால் அடுத்ததில் நிற்கக்கூட இடம் கிடைக்காது. "கெளம்புங்க" என்று அவளே சொன்னாள். போனார்கள். தெருமுனை திரும்பும்வரை நடந்து, பிறகு ஓடுவது தெரிந்தது.

பெரியவரை வெகு நேரமாகக் காணவில்லை. வண்டியிலிருந்து இறக்கும்போது தலைப்பக்கம் அவர்தான் பிடித்தார். பிறகு ஒரு மூலையில் நின்றார். பிறகு அங்கும் இல்லை. கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்றாள் தையல்கார அக்கா. போகட்டும் என்று சின்னவள் இருந்தாள். அவர்மேல் சொல்ல இன்னும் எத்தனையோ மிச்சம் இருந்தது. ஒவ்வொன்றாக மனசுக்குள் எடுத்து, நுனியைச் சீவி வைத்துக்கொண்டிருந்தாள்.

தெருவிளக்கு எரிய ஆரம்பித்த நேரத்தில் அவர் வந்தார். நடந்து வந்தார். இரண்டு கையிலும் இரண்டு டம்ளர். மூடி கிடையாது, பையும் கிடையாது. தளும்பிவிடக்கூடாது என்று டம்ளர்களையே பார்த்துக்கொண்டு, அடி மேல் அடி வைத்து, நடைக்கூடத்துக்குள் நுழைந்து, தம்பியின் கால்மாட்டைச் சுற்றிக்கொண்டு வந்தார்.

"எங்க வீட்டுக்காரி போட்டுக் குடுத்தா" என்றார். "வீட்டுலேருந்து. நீயும் பொண்ணும் காலைலேருந்து ஒண்ணும் குடிக்கலைன்னு."

ஒன்றை மகளிடம் கொடுத்தார். இன்னொன்றை அவளிடம் நீட்டினார். சின்னவள் கை நீட்டி வாங்கினாள்.

"பாத்தும்மா" என்றார். "சூடா இருக்கு."

விரல் சுட்டது. புடவைத் தலைப்பை மடித்து டம்ளரைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவர் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். டீயிலிருந்து ஆவி பறந்துகொண்டிருந்தது.